மேற்கு அறை பூத்தது

முருகன் துணை
திண்டுக்கல், 12-7-1959

அன்புள்ள மச்சான் கண்ணுசாமி அவர்களுக்கு,

மாப்பிள்ளை சுருளிவேல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி அய்யம்மாளும் பிள்ளை பொன்னுத்தாயும் சுகம். உங்கள் வீட்டு மேற்கு அறைச் சுவருக்குத்தான் சுகமில்லை. அங்கே உங்கள் சுகத்துக்கும் கருப்பம்மாள் அக்காள் சுகத்துக்கும் எழுதவும்.

'உங்கள் வீடு' என்று எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு அய்யம்மாள் முறைக்கிறாள். அவளுக்குப் பிறந்த வீடு. 'எங்க வீடு' என்பாள். நான் மாசம் பிறந்தால் வாடகையை மணியார்டர் செய்கிறவன், எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. பெண்டாட்டி பிறந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருக்கும் மாப்பிள்ளை இந்த டவுனில் நான் ஒருத்தன்தான் என்று அச்சாபீஸில் பேசிக்கொள்கிறார்கள். ஊரார் கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் பிழை திருத்துகிறவன், என் கல்யாணத்தில் கோட்டைவிட்டேன்.

விஷயம் இதுதான். சித்திரைக் கோடை மழையில் மேற்கு அறைத் தளம் ஒழுகியது. ஒழுகல் நின்றது, ஈரம் நிற்கவில்லை. சுவரில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இப்போது இடுப்பு உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். பக்கத்து வீட்டு நசீம் பானு அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, செவுத்துக்குத் தாடி மொளைச்சிருக்கு, ஆளக் கூப்பிட்டுச் செரைக்கச் சொல்றதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கல்யாணப் போட்டோவிலும் ஏறிவிட்டது. உங்கள் தங்கச்சி மகாலட்சுமியாக அப்படியே இருக்கிறாள். என் முகத்தை மட்டும் தின்றிருக்கிறது. பூசணத்துக்கும் ஒரு ஞாயம் இருக்கும் போலிருக்கிறது.

சிரிப்பாக எழுதினாலும் சிரிக்கிற காரியமில்லை. பொன்னுத்தாய் அந்த அறையில்தான் படுக்கிறாள். கொஞ்ச நாளாக அவளுக்கு மூச்சு இழுப்பு. வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறாள். தளத்தில் தட்டோட்டை மாற்றிப் பதித்து, சுவரைச் சுரண்டிப் பூசிக் கொடுத்தால் போதும். வீட்டுக்காரர் என்ற முறையில் ஒரு நடை வந்து பாருங்கள்.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சுருளிவேல்


கரட்டுப்பட்டி, குஜிலியம்பாறை வழி
2-8-1959

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கண்ணுசாமி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்கக் கருப்பணசாமி துணை.

கடிதம் பார்த்தேன். இங்கே ஆடி பிறந்து காற்று மட்டும் வந்தது. புழுதி உழவு உழுதால் ஏர் எங்கே, நான் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ரெண்டு வருசமாக வானம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் விதைத்த சோளம் மண்ணில் முளைக்கவில்லை. உங்களுக்கு விதைக்காமலே சுவரில் முளைக்கிறது. கொடுத்து வைத்தவர்.

மாப்பிள்ளை கோபிக்கக் கூடாது. அந்த வீடு அப்பா புகையிலை வியாபாரம் செய்த காலத்தில் கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்துக் கட்டியது. அவர் இருந்தவரை சுவரில் ஒரு பொட்டு கிடையாது. வீடு கட்டினவனால் கெடாது, குடியிருக்கிறவனால் கெடும். தங்கச்சி வீட்டுக்குள்ளேயே சோறு வடிக்கிறாள். ஈரச்சேலையை உள்ளேயே கொடியில் போடுகிறாள். நீங்கள் சளி பிடிக்கும் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறீர்கள். அம்புட்டு ஆவியும் எங்கே போகும்? சுவரில்தான் போய் உட்காரும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேப்பிலைப் புகை போடுங்கள். மருமகளுக்குத் தூதுவளை அரைத்துக் கொடுங்கள். வேலை ஒழிந்ததும் வருகிறேன்.

இப்படிக்கு,
கண்ணுசாமி


திண்டுக்கல், 9-8-1959

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கே சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். அங்கே சுகமா?

நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தோம். ஜன்னலைத் திறந்தோம். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். அந்த இடுக்கில் காற்று வருவதென்றால் அது ஒருச்சாய்ந்துதான் வர வேண்டும். அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோனோம். சாம்பாரில் காக்காய் பங்கு கேட்கிறது. ஈரத்துணியை நசீம் பானு அம்மா வீட்டு மாடியில் காயப் போடுகிறோம். என் பனியனில் எத்தனை ஓட்டை என்று இப்போது தெருவுக்கே மனப்பாடம்.

வேப்பிலைப் புகையும் போட்டோம். தீப்பிடித்துவிட்டது என்று எதிர்வீட்டார் குடம் தூக்கி வந்து, கேட்பதற்குள் ஊற்றிவிட்டார்கள். சுவர் இன்னும் கொஞ்சம் குடித்துக்கொண்டது. புகையில் பொன்னுத்தாய்க்கு இழுப்பு அதிகமாகி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மருந்து என் கையில இருக்குய்யா, செவுரு உன் கையில இருக்கு" என்றார். செவுரு என் மச்சான் கையில் இருக்கிறது என்று அவருக்கு உறவுமுறையை விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

ஆவியோ மழையோ, யார் குற்றம் என்பதைப் பிறகு பேசிக்கொள்வோம். ஐப்பசி மழைக்கு முன்னால் தளத்தைப் பாருங்கள். அதற்கு மேல் அந்தப் பிள்ளை தாங்காது.

தங்கள்
சுருளிவேல்


கார்டு
திண்டுக்கல், 6-9-1959

மச்சான் அவர்களுக்கு,

நலமா. பதில் இல்லை. கவர் வாங்கி எழுதினால் உங்களுக்கு உறைக்கவில்லை என்பதால் கார்டு. பூசணம். பூசணம். பூசணம். மூன்று தடவை எழுதிவிட்டேன்.

வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். மனுதாரர் சுருளிவேல், எதிர்மனுதாரர் கண்ணுசாமி. கொடுத்தால் நியாயம் கிடைக்கும், சோறு கிடைக்காது என்று உங்கள் தங்கச்சி முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிட்டாள். இரண்டு நாளாகத் தட்டை வைக்கிற சத்தம் மட்டும்தான் அவள் பேச்சு. எனக்கு எந்தப் பக்கமும் கதி இல்லை. வருவீர்களா, மாட்டீர்களா?

சுருளிவேல்


கரட்டுப்பட்டி, 13-9-1959

மாப்பிள்ளைக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது, அதை மட்டும் எழுதவும்.

உங்கள் கார்டு என் கைக்கு வருமுன் டீக்கடைக்குப் போயிற்று. தபால்கார அருள்நாதனுக்குக் கார்டு என்றால் சத்தம் போட்டு வாசித்தால்தான் திருப்தி. மூன்று பூசணத்தையும் மூன்று குரலில் வாசித்திருக்கிறான். நான் போனபோது, "கண்ணுசாமி தங்கச்சியப் பூசணம் புடிச்ச வீட்ல வச்சு, வாடகையும் வாங்குறாராம்ல" என்று என் காது கேட்கவே பேசினார்கள். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மனு கொடுப்பதென்றால் கொடுங்கள். கோர்ட்டில் கேட்டால் நானும் சொல்வேன்: வீடு என்னுது, பிள்ளை அவருது, ஈர அறையில் படுக்கப் போடாதே என்று ஒரு அப்பனுக்கு அடுத்தவன் சொல்ல வேண்டுமா? அவளைக் கூடத்தில் தனியாகப் படுக்க வையுங்கள்.

இனிமேல் கார்டில் அந்த வார்த்தையை எழுத வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பேர் படித்தாலும் என் தலை குனியாதபடி நாகரிகமாக எழுதுங்கள். பத்திரிகை அடிக்கிற இடத்தில்தானே உத்தியோகம்?

கண்ணுசாமி


கார்டு
திண்டுக்கல், 27-9-1959

பேரன்பும் பெருந்தன்மையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

நலம். தங்கள் இல்லத்தில் மங்கலம் பெருகுக.

நிகழும் புரட்டாசி மாதம் நமது இல்லத்தில் நன்றாகவே பூத்துவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இதுவரை மறைவாக இருந்தது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துச் செல்கிறார்கள். தாங்கள் சொன்னபடி பொன்னுத்தாயைத் தனியாகப் படுக்க வைத்திருக்கிறோம். தாங்கள் வேண்டிய சாமான்களுடன் நேரில் வந்து, தங்கள் கையால் செய்ய வேண்டிய முறையைச் செய்து கொடுக்க வேண்டும். தாங்கள் வராமல் இங்கே ஒரு காரியமும் நடக்காது.

தங்கள் வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்,
சுருளிவேல், அய்யம்மாள்


கரட்டுப்பட்டி, 1-10-1959

அன்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளைக்கும் தங்கச்சிக்கும்,

கண்ணுசாமி ஆயிரம் கும்பிடு. நாங்கள் ரொம்ப சுகம். மருமகள் சுகமாக இருக்க வேண்டும்.

கார்டு கிடைத்தது. இந்தத் தடவையும் அருள்நாதன் டீக்கடையில்தான் வாசித்தான். நான் தடுக்கவில்லை. இன்னொரு முறை வாசி என்றேன். எல்லோரும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போன மாசம் பேசின அதே வாய்கள். மாப்பிள்ளை, பழையதை எல்லாம் மறந்துவிடுங்கள். நானும் மறந்துவிட்டேன். செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாதவன் என்று இந்தக் கண்ணுசாமியை ஒருத்தரும் சொல்லக் கூடாது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வண்டி கட்டி, ஆட்களோடும் சாமான்களோடும் வாரேன். பச்சை ஓலையும் கம்பும் நானே கொண்டு வருவேன், நீங்கள் ஒரு துரும்பு வாங்கக் கூடாது. நான் வருகிறவரை வேறு யார் கையும் பட வேண்டாம். முக்கியமாக, நாங்கள் வராமல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கருப்பம்மாள் கார்டு வந்ததிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள். சந்தோசத்தில்தான்.

இப்படிக்கு,
கண்ணுசாமி


திண்டுக்கல், 5-10-1959

என் மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, எழுதி வைத்திருந்த மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அன்று இரவு எனக்கு ரசத்தோடு ஒரு வெஞ்சனமும் கிடைத்தது.

தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களா ஊற்றுகிறோம், மச்சான்? அதை வானத்துக்குத்தான் எழுத வேண்டும். ஓலை கொண்டு வருவது நல்ல யோசனை. பூச்சு காய்கிறவரை தளத்தின் மேல் பரப்பிவிடலாம். கொத்தனார் பாஸ்கலிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கரண்டியோடு வந்து காத்திருப்பார்.

அக்காள் அழுகிறார்கள் என்பதைத்தான் அய்யம்மாளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு சுவருக்காக இப்படி உருகுகிற மனசு டவுனில் யாருக்கு இருக்கிறது?

வழிமேல் விழி வைத்திருக்கும்,
சுருளிவேல்


திண்டுக்கல், 18-10-1959

மச்சான் அவர்களுக்கு,

சுகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று ஒரு வரி போடவும்.

கிளம்பும்போது கூட என் முகத்தைப் பார்க்காமல் வண்டி ஏறினீர்கள். என் பக்கத்து நிலவரத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் நான் பழைய வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு, பாஸ்கலுடன் வாசலில் நிற்கிறேன். தெருமுனையில் மேளம் கேட்டது. "தளம் பூச எதுக்குங்க மேளம்?" என்று பாஸ்கல் கேட்டார். எங்கள் மச்சான் எதையும் பெரிசாகத்தான் செய்வார் என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு தாம்பாளம் வந்தது. பட்டுப்பாவாடை வந்தது. பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் வந்தன. மாலை போட்ட ஒரு கிடாய் வந்தது. கிடாயைப் பார்த்த பிறகுதான், இதில் சுண்ணாம்பு எங்கே என்று எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது.

அந்த நேரம் பார்த்து பொன்னுத்தாய் தெருவில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலோடு உங்களிடம் வந்து கிடாய்க்குப் பெயர் கேட்டாள். உங்கள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"மருமக என்ன மாப்ள தெருவுல ஆடுது? குச்சுல உக்கார வைக்கலையா?"

"எதுக்குண்ணே குச்சு?" என்று அய்யம்மாள் உள்ளிருந்து வந்தாள்.

"மாப்ளதான எழுதுனாரு, பூத்துருச்சுன்னு."

நான் சொன்னேன்: "செவுரு, மச்சான். செவுரு பூத்துருச்சு."

பெரியவளாகிவிட்ட பிள்ளைக்குத் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுவார், சீர் கொண்டு வருவார் என்பது எனக்குத் தெரியாதா? மாசத்துக்குப் பத்து பூப்புநீராட்டுப் பத்திரிகை என் கையால் பிழை பார்த்து அச்சுக்குப் போகிறது. அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கையும் அப்படி எழுதிவிட்டது. ஒரு வார்த்தையை விட்டால் அர்த்தம் எங்கே போய் நிற்கும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாகரிகமாக எழுதச் சொன்னது நீங்கள் என்று வாதாடலாம். அதற்கும் தெம்பில்லை. மேளம் நின்றது, கடைசியில் வந்த தவில்காரர் மட்டும் விஷயம் தெரியாமல் செத்த நேரம் வாசித்தார். நசீம் பானு அம்மா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

யாராவது சிரிப்பார்கள், நீங்களும் சிரிப்பீர்கள், அதோடு முடியும் என்று நினைத்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நேரே மேற்கு அறைக்குப் போனீர்கள். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். அப்போதுதான் அய்யம்மாள் வண்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"நம்ம செவலைக எங்கண்ணே? வேற மாடு பூட்டியிருக்கு."

"மேயப் போயிருக்கு."

எங்கே மேய, மச்சான்? உங்கள் ஊரில் இரண்டு வருஷமாகப் புழுதியைத் தவிர என்ன முளைத்திருக்கிறது? மேளக்காரர்களுக்குச் சோறு போடும்போது வண்டிக்காரர் மெதுவாகச் சொன்னார். இரண்டு செவலைகளும் சந்தையில் போய்விட்டன என்று. பட்டாகவும் பித்தளையாகவும் அவை எங்கள் கூடத்தில் நிற்கின்றன. கொண்டு வந்த சீர் படி தாண்டித் திரும்பாது என்று நீங்கள் சொன்னீர்கள். விற்று மாட்டை மீட்டுக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். அய்யம்மாள் அண்டாவைப் பிடித்துக்கொண்டாள். "நிசமாவே பிள்ள பெரியவளாகுற அன்னைக்கு எங்கண்ணன் வெறுங்கையோட வந்து நிக்கணுமா?" என்கிறாள்.

ஒரு மூட்டைச் சுண்ணாம்புக்கு வழியில்லாமல்தான் வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? உங்களை எதிர்மனுதாரர் என்று எழுதின கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது?

யோசித்துப் பார்த்ததில் ஆடியில் நீங்கள் சொன்னதுதான் சரி. சோறு வடித்தது நாங்கள், ஆவி எங்களுடையது. சுவரை நானே பார்த்துக்கொள்கிறேன். அது குடியிருக்கிறவன் பொறுப்பு.

தலைகுனிந்த,
சுருளிவேல்


கரட்டுப்பட்டி, 27-10-1959

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். நானும் கருப்பம்மாளும் சுகம். செவலைகள் சுகம்.

சுவரை நீங்கள் தொடக் கூடாது. கையை வைத்துப் பார்த்தேன். கன்றுக்குட்டி மூக்கு மாதிரி நசநசவென்று இருக்கிறது. அது சோற்று ஆவி இல்லை, தளத்து ஒழுகல்தான். எனக்கு அது உங்கள் முதல் கடிதத்திலேயே தெரியும். தெரிந்துதான் சோற்று மேல் பழி போட்டேன். வாடகை வாங்குகிறவன் நான். குடியிருக்கிறவர் கைக்காசில் தளம் பூசினார் என்றால் நான் எந்த முகத்தோடு அடுத்த மாசம் மணியார்டரில் கையெழுத்துப் போடுவேன்? தை பிறக்கட்டும், நானே வந்து செய்வேன். பாஸ்கலுக்கும் தொட வேண்டாம் என்று கார்டு போட்டிருக்கிறேன்.

டீக்கடைப் பக்கம் போவதில்லை. நேற்று இங்கே ரெண்டு தூறல் விழுந்தது. மண்வாசனையில் கருப்பம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மருமகளுக்கு என் அன்பு. கிடாயை வெட்ட விட மாட்டேன் என்கிறாளாமே, சரிதான்.

கண்ணுசாமி


திண்டுக்கல், 10-11-1959

மச்சான் அவர்களுக்கு,

சுகமா. இங்கே ஐப்பசி அடைமழை, சுகத்துக்கு இடமில்லை.

பாஸ்கல் உங்கள் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். நான் போய்க் கூப்பிட்டால் அதை எடுத்து நீட்டுகிறார். கூடுதல் கூலி தருகிறேன் என்றேன். "நாளைக்கு வீட்டுக்காரரு வந்து எவன்டா தொட்டதுன்னு கேட்டா நீங்களா வந்து நிப்பீங்க?" என்கிறார். நிற்பேன் என்று சொன்னேன். நம்பவில்லை. என் உடம்பைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை, சுவர் உன்னுது உன்னுது என்று இருவரும் தள்ளினோம். இப்போது என்னுது என்னுது என்று இருவரும் பிடித்து இழுக்கிறோம். பூசணத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அது நம் இருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே நிலைப்படி தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது. தனியாகப் படுக்க வைத்த பிள்ளையைத் தேடிக்கொண்டு அதுவே வந்திருக்கிறது. பொன்னுத்தாய்க்கு மறுபடியும் இழுப்பு. டாக்டர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்.

தை வரை பொறு என்கிறீர்கள். அவள் மூச்சு பொறுக்குமா? கெஞ்சிக் கேட்கிறேன்: பாஸ்கலுக்கு ஒரு கார்டு போட்டு என்னைச் செய்ய விடுங்கள். இல்லை, சண்டை போட்டுக் கேட்கிறேன். எப்படிக் கேட்டால் விடுவீர்களோ அப்படிக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கமும் நல்ல மழை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். உழவு ஆரம்பித்துவிட்டீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. செவலைகளை விசாரித்ததாகச் சொல்லவும்.

சுருளிவேல்


திண்டுக்கல், 22-11-1959

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

தங்கச்சி அய்யம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். கிடாயும் சுகம். மேற்கு அறை இல்லை.

நீங்களும் உங்கள் மாப்பிள்ளையும் எழுதிக்கொண்ட கடிதம் எல்லாவற்றையும் நான் படித்துத்தான் வந்திருக்கிறேன். இத்தனை மாசத்தில் இரண்டு பேரும் காகிதத்தில் பூசியதைச் சுவரில் பூசியிருந்தால் எப்போதோ காய்ந்திருக்கும். மழை கொஞ்சம் வெறித்த அன்று இவர் அச்சாபீஸ் போனதும் பாஸ்கலைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் உங்கள் கார்டை எடுத்தார். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார், குடியிருக்கிறவர் செய் என்கிறார், நான் யார் பேச்சைக் கேட்பது என்று நின்றார்.

"ரெண்டு பேரும் பூசுறதப் பத்தித்தான பேசுறாக. நான் இடிக்கச் சொல்றேன்" என்றேன்.

"நீங்க வீட்டுக்காரரா, குடியிருக்கிறவரா?"

"நான் இங்க பொறந்தவ."

அதற்குக் கார்டில் ஒன்றும் எழுதியில்லை. அவர் கடப்பாரையை எடுத்தார்.

தளம் முதலில் கீழே வந்தது. பிறகு வெளிச்சுவர். இப்போது அந்த இடம் திறந்த முற்றம். கூடத்துச் சுவரில் உச்சி வெயில் நேராக அடிக்கிறது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தேன், நன்றாகக் காய்கிறது. பொன்னுத்தாய் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள், அண்ணே. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இவர் சாயங்காலம் வந்து சட்டையை மாட்ட மேற்கு அறைக் கதவைத் திறந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் வானம் இருந்தது. கல்யாணமாகி இவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கேட்காமல் இடித்ததற்குக் கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். எழுத வேண்டாம்.

தளத்தைப் பிரித்தபோது மேலே உத்திரம் இருந்தது. அப்பா போட்ட தேக்கு, ஒரு இடத்தில்கூட உளுக்கவில்லை. மரக்கடை சாகுல் ஹமீது அண்ணன் வந்து தட்டிப் பார்த்து நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். வீட்டு மரம், வீட்டுக்காரருக்குத்தான் சேரும். பணத்தையும் இந்தக் கடிதத்தையும் இவரிடமே கொடுத்தனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சீர் திரும்பக் கூடாது என்றீர்கள், இது சீர் இல்லை, உத்திரம்.

செவலைகள் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். விசாரித்ததில் இந்தப் பணத்துக்கு ஒரு காளைதான் வருமாம். மண் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும், இன்னொன்றுக்குக் காத்திருக்க முடியாது. அச்சாபீஸில் இவருக்கு லீவு சொல்லிவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறார். மறுபக்கத்தில் இவரைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஏர் இழுப்பாரோ மாட்டாரோ தெரியாது. சால் முடிகிறவரை பேசிக்கொண்டே வருவார்.

மதினியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

தங்கச்சி
அய்யம்மாள்